ஆஸ்பத்திரியில் வந்த நோய் யார் கணக்கில்?

*ஒரு சலைன் பாட்டில் எட்டுப் பேரின் உயிரைப் பறித்த வட்டாரம் இது. மருத்துவமனைத் தொற்றை எண்ணி வெளியிடச் சொல்வது அதிகப்படியான கோரிக்கையா? திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

பல் மருத்துவரின் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கிறார். ஈறைக் கழுவ சலைன் வேண்டும். புது பாட்டிலைத் திறக்க, எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் ஈறை விலக்கப் பயன்படும் எஃகுக் கருவி ஒன்று கைக்கு வருகிறது. கிருமி நீக்காத கருவி. அதன் முனையாலேயே பாட்டிலைத் திறந்து, தேவையான அளவு எடுத்துக்கொண்டு, மீதியை லேசாக மூடி வைக்கிறார்கள். அடுத்து வருபவருக்கும் அதே பாட்டில்தான். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் நடந்ததாக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கும் பழக்கம் இது. அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தவறு என்றே தோன்றியிருக்காது. தினமும் செய்கிற வேலை, தினமும் செய்கிற விதத்தில் நடந்தது.

அங்கே சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட முகம் என்று அது முற்றியது. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நோய் அது. வாய்ப்புண் வழியே நுழைந்த கிருமி, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குப் போயிருந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழ்நாட்டில் இப்படி மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் 21 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களில் 10 பேர் அந்தப் பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். பயன்படுத்தி வைத்திருந்த சலைன் பாட்டிலில் அதே கிருமி இருந்தது. வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனம் உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுத, லான்செட் குழும இதழ் ஒன்றில் 2025-ல் வெளியானது. அதன் பிறகுதான் பெரும்பாலான வாசகர்களுக்கு விஷயமே தெரியவந்தது.

இந்தச் சம்பவத்தைப் படித்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கருவியைப் பற்றியும் அலட்சியத்தைப் பற்றியும்தான் பேசினார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அந்தப் பத்துப் பேரும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் விழுந்த நோயாளிகளாகவே இருந்திருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது. "மூளைக்காய்ச்சல்" என்று எழுதி ஒவ்வொருவர் கதையும் முடிந்திருக்கும். யாரோ ஒருவர் ஒரே மாதிரியான நோயாளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். இதற்கு முன் எங்கே சிகிச்சை எடுத்தீர்கள் என்று கேட்டார். எண்ணினார். எண்ணியதால்தான் காரணம் பிடிபட்டது. தொற்றுத் தடுப்பின் உயிர்நாடி இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. நம் மருத்துவமனைகள் பினாயிலுக்கும் கையுறைக்கும் கொடுக்கிற இடத்தை எண்ணிக்கைக்குக் கொடுப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வியன்னாவில் தொடங்கிய கணக்கு

வரலாறு சுருக்கமானது. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் 1846-ல் நூற்றுக்கு 11 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் மூன்று பேர்கூட இல்லை. இக்னாஸ் செம்மல்வைஸ் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவ அறைக்கு வருவதுதான் வித்தியாசம் என்று கண்டார். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூலையில் ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. நோய்க்குக் காரணம் கிருமி என்பது அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை. காரணம் தெரிவதற்கு முன்பே தடுப்பு சாத்தியமானது, பதிவேடு இருந்ததால்.

> எண்கள் சொல்வது
>
> உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே புதிதாக ஒரு தொற்று வருகிறது. அப்படித் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார்.
>
> கை சுத்தமும் அதிகச் செலவில்லாத பிற நடைமுறைகளும் ஒழுங்காக இருந்தால் இவற்றில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்கிறது அதே அறிக்கை.
>
> இந்தியாவில் 54 மருத்துவமனைகளின் 200 ஐசியு பிரிவுகளை 2017 முதல் 2024 வரை கண்காணித்ததில், பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய் வழியாக 8,629 ரத்தத் தொற்றுகள் பதிவாயின. அந்தக் குழாய் உடலில் இருந்த ஒவ்வொரு 1,000 நாளுக்கும் ஏறத்தாழ ஒன்பது.

இது எல்லார் வீட்டு விஷயம்

மருத்துவமனைத் தொற்று என்றதும் ஐசியுவில் கிடக்கும் ஒரு சிலரின் பிரச்சினை என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அப்படி நினைக்க வழியில்லை. 2019–21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே நடக்கும் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில்தான். அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன். வீட்டுப் பிரசவத்தை ஏறக்குறைய ஒழித்தது நம் மாநிலத்தின் பெருமை. அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஒவ்வொரு தாயையும் நாம் மருத்துவமனைக் கட்டிலுக்கு அழைத்து வந்துவிட்டோம், பாதிப்பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்களின் வயிற்றில் கத்தி வைக்கிறோம் என்றால், அந்தத் தையல் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.

தையலில் சீழ் பிடித்தால் என்ன ஆகும்? ஐந்தாறு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் இரண்டு வாரம் படுத்திருப்பார். பச்சை உடம்புக்காரி எழுந்து உட்கார முடியாமல் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தவிப்பார். கூடவே இருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ அத்தனை நாள் கூலி போகும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான், ஆனால் போக்குவரத்தும் சாப்பாடும் இலவசமில்லை. ஜவ்வாது மலையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து தங்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு கூடுதல் நாளும் ஒரு கடன். தனியார் மருத்துவமனை என்றால் நகை அடகுக்குப் போகும். இந்தச் செலவு எதுவும் "மருத்துவமனைத் தொற்றால் வந்தது" என்று எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. "காம்ப்ளிகேஷன்" என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. தங்கள் விதி என்று குடும்பமும் ஏற்றுக்கொள்கிறது.

பிறந்த குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 14 பேருக்கு ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் வந்திருந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவை. கிருமிகளில் முதலிடம் மருத்துவமனைகளில் குடியிருக்கும் அசினிடோபாக்டருக்கு. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகைகள் அவற்றில் ஏராளம். இந்த உலகத்துக்கு வந்து மூன்று நாள்கூட ஆகாத ஒரு குழந்தையின் ரத்தத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதைவிட வலுவான சாட்சி எதுவும் தேவையில்லை.

வந்த பிறகு மருந்து இருக்கிறதே?

முதல் மறுப்பு இதுதான். தொற்று வந்தால் நல்ல ஆன்டிபயாடிக் போட்டால் போச்சு என்று நோயாளிகள் மட்டுமல்ல, பல மருத்துவர்களும் மனத்துக்குள் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் அடித்தளத்தைத் தகர்த்த ஆய்வில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனம் என்ற வலிமையான மருந்து வகையையே செயலிழக்க வைக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு, சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் இருப்பதை அது காட்டியது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. கார்பபெனம் வகையைச் சேர்ந்த மெரோபெனம் கேட்காத நோயாளிக்கு அடுத்து கையிலெடுக்கும் கொலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய மருந்து. அதற்கும் அடங்காத கிருமிகள் வந்துவிட்டன. மருந்துக் கடை இனி நம்மைக் காப்பாற்றாது. கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகாமல் தடுப்பது ஒன்றுதான் கையில் இருக்கும் உறுதியான வழி.

கழுவ நேரம் எங்கே?

கிருமியைக் கட்டில் விட்டுக் கட்டில் கொண்டுபோவது பெரும்பாலும் கை. சிகிச்சை தருபவரின் கை. அதனால் பழி முழுவதும் செவிலியர் தலையில் விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வார்டில் 40 நோயாளிகள், இரவுப் பணியில் ஒரே செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். ஊசி, ட்ரிப்ஸ், காய்ச்சல் பார்ப்பது, கையில் போட்ட வென்ஃப்ளான் ஊசிக்குழாயை மாற்றுவது, டிரஸ்ஸிங் என்று ஒருவரை ஐந்து முறை தொட நேர்கிறது. தொடுவதற்கு முன் ஒரு முறை, தொட்ட பின் ஒரு முறை ஹேண்ட் ரப் தேய்க்க வேண்டும். ஒரு தடவைக்குக் குறைந்தது 20 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். 400 முறை, 8,000 விநாடி, ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம். ஒருவரைத் தொட்ட பின் தேய்த்ததையே அடுத்தவருக்கு முன் தேய்த்ததாகக் கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். சோப்பு போட்டுக் கழுவினால் இதைப் போல இரண்டு மடங்கு. அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள்? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். அந்த அளவுகோலுக்கும் நம் வார்டுகளுக்கும் உள்ள தூரத்தை நோயாளியாகப் படுத்த எவரும் அறிவார். தொகுப்பூதியச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடுவதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு. அது தையல் சீழ் பிடிக்கிற பிரச்சினையும்தான்.

திருவண்ணாமலை போன்ற ஊரில் இந்த நெருக்கடி நாள் குறித்து வருகிறது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்புகிறது. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். மயக்கம், மாரடைப்பு, விபத்து என்று அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் போக, வெறுங்காலில் நடந்த சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்தியதும் தார் சுட்டதும் தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணான பிறகுதான் வருவார். அந்தப் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்த கை, கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் நடப்பதை விளக்க வேண்டியதில்லை. 2013-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த மாவட்டத்துக்குப் பெரிய பேறு. ஆனால் திருவிழாவுக்கு ஆம்புலன்சும் முகாமும் கூட்டுகிற அதே கவனத்தோடு, வார்டுக்குள் இருக்கும் கைகளைக் கூட்டுகிறோமா என்பதுதான் கேள்வி. நெரிசல் எப்போது வரும் என்று பஞ்சாங்கமே சொல்லிவிடும் ஊரில், ஆள் போதவில்லை என்பதை எதிர்பாராத சிரமமாகச் சொல்ல முடியாது.

உடனிருப்பவரை விரட்டலாமா?

கூட்டம்தான் காரணம், பார்வையாளர்களை நிறுத்தினால் தொற்று குறையும் என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்காவிட்டால் உறவு கசந்துவிடும் என்று பழம், பிஸ்கட் பாக்கெட்டோடு குடும்பம் குடும்பமாக வருவதும், ஒரு நாள் வயதான குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சுவதும் நிறுத்தப்பட வேண்டியவைதான். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் உள்ளே போகாத ஊர் நாம். அந்த ஒழுங்கு மருத்துவமனையிலும் வேண்டும். ஆனால் இரவு பகலாக உடனிருக்கும் ஒருவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நோயாளியைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, உடம்பைத் துடைப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, ட்ரிப்ஸ் முடியப்போகிறது என்று சிஸ்டரை ஓடிப்போய் அழைப்பது எல்லாம் அவர்தான். சம்பளமில்லாத செவிலியர் உதவியாளர் அவர். அவரை வெளியே அனுப்பினால் அந்த வேலைகளைச் செய்ய ஆளில்லை. எனவே அவருக்குத் தண்ணீர் வரும் குழாயும் சோப்பும் கொடுத்து, பையைத் தரையில் படாமல் எப்படித் தொங்கவிடுவது, காலி செய்த பின் கையை எப்படிக் கழுவுவது என்று சேர்ந்த அன்றே பத்து நிமிடம் சொல்லிக்கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

> நீங்கள் கேட்கலாம்
>
> "சிஸ்டர், இந்த வென்ஃப்ளான் இன்னும் தேவையா?" "சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பீர்கள்?" தேவை முடிந்த பிறகும் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல்.
>
> ஊசியும் சிரிஞ்சும் உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். பாதி தீர்ந்த சலைன் பாட்டிலிலிருந்து எடுத்தால் காரணம் கேளுங்கள்.
>
> தொடும் முன் கை சுத்தம் செய்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வெளியில் சொன்னால் பெயர் கெடுமா?

மிக வலுவான மறுப்பு இதுதான். தொற்று எண்ணிக்கையை வெளியிட்டால் நேர்மையாக எண்ணும் மருத்துவமனைக்குக் கெட்ட பெயர், எண்ணாத மருத்துவமனைக்கு நல்ல பெயர். மக்கள் பயந்து ஓடுவார்கள். சிக்கலான நோயாளிகளை ஏற்கும் பெரிய அரசு மருத்துவமனைகளில் எண் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதும் நியாயமான கவலை. 2010-ல் என்.டி.எம்-1 செய்தி வந்தபோது நாம் நடந்துகொண்டது இதற்கு உதாரணம். கிருமி எங்கிருந்து பரவுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, பெயரில் உள்ள "என்.டி." ஏன் நியூடெல்லியைக் குறிக்கிறது, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியா என்று நாடாளுமன்றம் வரை கோபப்பட்டோம். கோபம் அடங்கிய பிறகு, 2012-ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கும் தொற்றுத் தடுப்புக்கும் ஒரு செயல்திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்ற அந்த ஆவணம், சிக்கலை மறுப்பதை நிறுத்திய நாளில்தான் பிறந்தது.

பிரிட்டனின் அனுபவம் பதிலை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியால் வரும் ரத்தத் தொற்றை ஒவ்வொரு மருத்துவமனையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று இங்கிலாந்து 2001-ல் விதித்தது. எண்கள் மருத்துவமனை வாரியாக வெளியாயின. நாளிதழ்கள் கிழித்தன, நிர்வாகிகள் கூனிக் குறுகினார்கள். 2003–04-ல் 7,700 ஆக இருந்த எண்ணிக்கை 2009–10-ல் 1,900-க்கும் கீழே வந்தது. எண்ணியதால் மட்டும் குறையவில்லை. கை கழுவும் இயக்கம், இலக்கு, பணம் எல்லாம் சேர்ந்து வந்தன. ஆனால் அவை வந்ததே எண் வெளியே தெரிந்ததால்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியுக்கள், பெரிய ரத்தக்குழாயில் குழாய் போடும்போது செய்ய வேண்டிய ஐந்தே செயல்களைப் பட்டியலிட்டு, தவறினால் மருத்துவரையே நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தன. தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. தூரத்து உதாரணங்கள் என்று தள்ளுபவர்களுக்குப் பக்கத்து மாநிலமே இருக்கிறது. கேரளம் 2018-ல் கிருமி எதிர்ப்புக்குத் தனி மாநிலத் திட்டம் போட்டு, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற புள்ளிவிவரத்தைப் பொதுவெளியில் வைக்கிறது. அதைப் பார்த்து யாரும் கேரள மருத்துவமனைகளை விட்டு ஓடவில்லை.

நம்மிடம் விதிகளுக்குக் குறைவில்லை. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க 2016-ல் விதி வந்தது. 2015-ல் தொடங்கிய காயகல்ப் திட்டம் சுத்தமான அரசு மருத்துவமனைகளுக்கு விருது தருகிறது. 2020 ஜனவரியில் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறை வெளியானது. இவை பயனுள்ளவை. பல அரசு மருத்துவமனைகளின் முகமே காயகல்ப்பால் மாறியிருக்கிறது. குறை என்னவென்றால், இவை பெரும்பாலும் ஏற்பாட்டை அளக்கின்றன. வாளி இருக்கிறதா, பலகை மாட்டியிருக்கிறதா, குழு கூடியதா என்று மதிப்பெண் போடலாம். சென்ற மாதம் செய்த சிசேரியன்களில் எத்தனைக்குச் சீழ் பிடித்தது என்ற ஒற்றைக் கேள்விக்கு அந்த மதிப்பெண்ணில் பதில் கிடைக்காது. அதற்கு ஒரு பதிவேடும், வீட்டுக்குப் போன தாயைப் பத்து நாள் கழித்து போனில் அழைத்து விசாரிக்க ஓர் ஆளும் வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடு தேடிப்போகும் அமைப்பு ஏற்கெனவே உள்ள மாநிலத்தில் இது எட்டாத காரியமல்ல.

சிறு கிளினிக்குகளால் இதெல்லாம் முடியுமா என்று கேட்கலாம். அவர்களிடம் ஐசியு கணக்கு கேட்கத் தேவையில்லை. கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் வேலை செய்கிறதா, அதன் சோதனைப் பதிவு இருக்கிறதா, திறந்த சலைன் பாட்டிலை அன்றே கொட்டுகிறார்களா என்ற மூன்றை மட்டும் ஆய்வு செய்தால் போதும். திறந்த சலைன் பாட்டிலை அடுத்தவருக்கும் பயன்படுத்தப் போய்த்தான் வாணியம்பாடியில் எட்டுக் குடும்பங்கள் ஆளை இழந்தன.

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை தீபத்துக்கு முன்பு திருவண்ணாமலையில் மாவட்ட நிர்வாகம் ஆய்வுக் கூட்டம் நடத்துகிறது. பேருந்து, குடிநீர், கழிப்பறை, காவலர் எண்ணிக்கை எல்லாம் அங்கே வரிவரியாகப் படிக்கப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்: மாவட்டத்தின் ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும், அரசோ தனியாரோ, கடந்த மூன்று மாதத்தில் அறுவை சிகிச்சைப் புண்ணில் தொற்று எத்தனை, குழாய் வழி வந்த ரத்தத் தொற்று எத்தனை, திருவிழா நாட்களில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி. அந்த எண்களை மருத்துவமனை வாசலில் தமிழில் எழுதி ஒட்டட்டும்.